அடைக்கலமாக வந்த சொல்

சென்ற ஆண்டு மகாவீரர் ஜயந்தியன்று ஒரு சிற்றூர் ஜினாலயத்தில் ஐந்து அணுவிரதங்களைப் பற்றிச் சிலவற்றைக் கூறும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. சத்தியாணுவிரதத்திற்குரிய அதிசாரங்களை விளக்குங்கால், பிறர் மறைவில் வைத்திருக்கும் செய்தியை வெளியிடுதலும் அவற்றுள் ஒன்று என்று வழக்கம்போல் சொல்லிக் கடந்தோம். கந்தோதகம் பெற்று அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "ஐயா, ஒரு தோழி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்ன செய்தியை நான் வெளியே சொல்லிவிட்டேன். நான் விரதபங்கம் செய்தவளா?" என்று கேட்டாள்.

செய்தி இன்னதென்று கேட்டறிந்தபின், "நல்ல எண்ணத்தோடு செய்தது குற்றமாகாது, அம்மா, வருந்தாதே" என்றோம். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அவ்விடை அவளுக்குப் போதவில்லை என்பதை அவள் முகமே காட்டிற்று. வீடு திரும்பும் வழியில் நமக்கும் அது போதவில்லை. நல்லெண்ணம் ஒன்றே எல்லாக் குற்றங்களையும் கழுவிவிடுமாயின் ஆசாரியர்கள் அதிசாரங்களை இத்துணை நுட்பமாக வகுத்திருக்க வேண்டியதில்லை. ஆதலின் அன்று அவசரத்தில் சொன்னதை இங்கு ஆறஅமர எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நடந்தது இதுதான். நம் சமூகத்தைச் சேர்ந்த, அடுத்தடுத்த ஊர்களில் பிறந்த இரு பெண்கள் சென்னையில் ஒரு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்தனர். அவர்களுள் ஒருத்தி முதற் பருவத் தேர்வில் இரு பாடங்களில் தவறினாள். அதற்குப்பின் வகுப்புக்குச் செல்வது குறைந்தது, உறக்கம் குறைந்தது, தலைவாரிக் கொள்வதும் நின்றது. ஓர் இரவு, இனி வாழ விருப்பமில்லை என்று தோழியிடம் கூறினாள். கூறுவதற்கு முன் தோழியின் கையைத் தன் தலைமேல் வைத்து, பகவான் ஆதிநாதர் பெயரால், யாரிடமும் சொல்வதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டாள். தோழி பதினொரு இரவுகள் உறங்காது காத்தாள். பன்னிரண்டாம் நாள் விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டாள். கல்லூரியின் மனநல ஆலோசகர் வந்தார்; பெற்றோர் வரவழைக்கப்பட்டனர்; மருத்துவர் பார்த்தார். அப்பெண் ஒரு பருவம் படிப்பை நிறுத்தி மருந்துண்டு, உடலும் உள்ளமும் தேறினாள்.

இதுவரை யாவரும் மகிழத்தக்க செய்தியே. ஆனால் ஒரு திங்களுக்குள் அது நான்கு ஊர்களுக்குப் பரவிவிட்டது. "பெண்ணுக்கு மனக்கோளாறாம்" என்ற பேச்சு, எழுதக் கூசும் சொற்களோடு, ஜினாலயத் திண்ணைவரை வந்தது. அவளுடைய பெற்றோர் சொன்னவளைச் சினந்தனர். தோழியர் இருவரிடையே பேச்சு அற்றது.

இதனை இங்கு எழுதுவதே மறைவானதை வெளியிடுதல் ஆகாதோ என்று வாசகர் கேட்கலாம், கேட்க வேண்டும். இருவரிடமும் தனித்தனியே இசைவு பெற்றோம். ஊர், பாடம், நாள் முதலிய அடையாளங்களை மாற்றினோம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் இருவருக்கும் அனுப்பினோம். அதன் பயனைக் கடைசியில் கூறுவோம்.

முதலில் நூல்கள் கூறுவதைக் காண்போம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தெனக் கூறி, அவற்றுள் ரஹோப்யாக்யானம் என்பதையும் சாகாரமந்திரபேதம் என்பதையும் வைக்கிறது. முன்னது மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்தல். பின்னது ஒருவரின் முகக்குறிப்பு, மெய்ப்பாடு முதலியவற்றால் அவர் உள்ளக்கருத்தை உணர்ந்து அதனைப் புறத்தே பரப்புதல். பூஜ்யபாத சுவாமிகள் தமது சர்வார்த்தசித்தியில் இப்பின்னதற்குப் பொறாமை முதலியவற்றைக் காரணமாகச் சுட்டுகிறார். சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமோ மறைவானதை வெளியிடுதலோடு கோள் சொல்லுதலையும் சேர்த்து எண்ணுகிறது. ஆக, நாவை இயக்குவது எது என்ற கேள்வி நம் நூல்களுக்குப் புதியதன்று. பொறாமையால் அசைந்த நாவும் அச்சத்தோடு உதவி தேடி அசைந்த நாவும் ஒன்றல்ல.

அதே சமந்தபத்திரர், உண்மையேயாயினும் பிறருக்குக் கேடு விளைக்குமாயின் அதனைச் சொல்லாதிருத்தலையும் சத்தியாணுவிரதத்தில் அடக்குகிறார். இங்கு நாம் ஓர் அடி முன்னே வைக்கத் துணிகின்றோம். உண்மைச்சொல் கேடு தருமாயின் அது விலக்கத்தக்கதென்றால், கேடு தரும் மௌனம் மட்டும் எவ்வாறு விரதமாகும்? இது ஆசாரியர் வாக்கு அன்று, நம் கருத்தே. பிழையாயின் பெரியோர் திருத்துக.

இதற்குத் துணையாகப் பூஜ்யபாதர் கூறும் உவமை ஒன்றுண்டு. அகிம்சையே முதன்மையான விரதம். சத்தியம் முதலிய ஏனைய நான்கும் பயிரைச் சூழ்ந்த வேலிபோல் அதனைக் காக்க அமைந்தவை என்கிறார் அவர். வேலியே பயிரை மேய்தல் என்னும் பழமொழி நம் நாட்டில் ஏன் பிறந்தது என்பது நன்செய் உழவு செய்யும் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. உயிரைக் காக்க அமைந்த சொல்லுறுதி உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்குமாயின், அது வேலி என்னும் பெயரை இழந்துவிடுகிறது.

பெருந்துயரத்தில் இருப்பவர் ஒருவர் கையைப் பற்றி வாங்கும் உறுதி, நம் நூல்கள் கூறும் விரதமும் அன்று. விரதம் என்பது தீவினையிலிருந்து அறிந்து விலகுதல். அந்த நள்ளிரவில் அப்பெண் தோழியிடம் வாங்கியது அச்சத்தின் மேல் போட்ட பூட்டு. ஆனால் அதை மீறியது ஒன்றுமே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். கொடுத்த சொல் முறிந்தது முறிந்ததே. அந்த வருத்தம் அவளுக்கு இருப்பது அவள் உள்ளம் நலமாக இருப்பதன் அடையாளம். வருத்தம் இன்றிப் பிறர் இரகசியத்தை எளிதில் உடைப்பவரைக் கண்டே நாம் அஞ்ச வேண்டும்.

நற்காட்சிக்குரிய எட்டு அங்கங்களுள் இரண்டு இங்கு எதிரெதிரே நிற்பனபோல் தோன்றும். உபகூஹனம் என்பது பிறர் குறையை மறைத்தல். ஸ்திதிகரணம் என்பது தடுமாறுவோரை நிலைநிறுத்தல். அருங்கலச்செப்பைச் சிறுவயதில் மனப்பாடம் செய்த நம் முதியோர் பலர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஒப்புவிப்பர். ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெடும் என்று தோன்றும் வேளையில் என் செய்வது என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பெண் கேட்டது அதைத்தான்.

உபகூஹனத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரின் கதையை நினைவுகூர்வோம். அவர் இல்லத்து ஜினாலயத்தில் பார்சுவநாதர் திருமேனியின் குடையில் பதித்த விலையுயர்ந்த மணியைத் திருடன் ஒருவன் துறவி வேடத்தில் வந்து கவர்ந்தான். காவலர் துரத்த, அவன் வணிகரிடமே வந்து சேர்ந்தான். வணிகர் நிலைமையை ஒரு நொடியில் உணர்ந்து, "இது என் சொற்படி இவர் கொண்டுவந்தது" என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டார். கதையை இத்தோடு நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் அவர் மணியையும் அவனிடமே விட்டுவிடவில்லை. தனிமையில் கண்டித்து அவனை அனுப்பினார். கூட்டத்திற்கு மறைத்தாரேயன்றி, செய்ய வேண்டியதைச் செய்யாது விடவில்லை. மறைத்தல் என்பது கைவிடுதலுக்கு வேறொரு பெயர் அன்று.

ஸ்திதிகரணத்திற்குரிய கதையோ நண்பர் இருவரைப் பற்றியது. சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிஷேணர் துறவு பூண்டார். அவரைப் பின்பற்றி அவர் நண்பரும் துறவு பூண்டார். ஆனால் நண்பரின் உள்ளமோ பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவந்த மனைவியிடமே கிடந்தது. வாரிஷேணர் இதை உணர்ந்தார். சங்கத்தைக் கூட்டி அறிவிக்கவில்லை, இடித்துரைக்கவும் இல்லை. நண்பரை அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாய் சேலனாதேவியிடம் தாம் துறந்த மனைவியரை அணிகலன்களோடு அழைத்து வரச் செய்து, "இவர்களையும் என் இளவரசுப் பட்டத்தையும் நீர் ஏற்றுக்கொள்ளும்" என்றார். நண்பர் நாணித் தெளிந்தார். இதில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வாரிஷேணர் தாமே அனைத்தையும் செய்துவிட முயலவில்லை. தாயின் உதவியை நாடினார். ஆனால், நாம் கேட்டறிந்த வரையில், நண்பரின் தடுமாற்றத்தைத் தாயிடம் விவரித்ததாகக் கதை சொல்லவில்லை. மகன்தான் விரதத்தில் தளர்ந்தானோ என்று தாய் ஐயுற்று இருவகை ஆசனங்கள் இட்டுச் சோதித்ததாகவே கதை கூறுகிறது. அந்த ஐயத்தையும் தம் மேல் தாங்கிக்கொண்டு, வேண்டிய உதவியை மட்டும் பெற்றார். உபகூஹனமும் ஸ்திதிகரணமும் ஒரே செயலில் கூடி நிற்பதை இக்கதையில் காணலாம்.

ஒத்த வயதினர் ஒருவரையொருவர் தாங்குதல் என்பதை இன்று கல்லூரிகளில் புதிய திட்டம்போல் பேசுகின்றனர். பேசட்டும், நன்மையே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உச்சநீதிமன்றம் 2025-இல் உயர்கல்வி மாணவரின் மனநலத்தை ஆராய ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆலோசகர் அறை பூட்டியிருக்கும். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவள் விழித்திருப்பாள். முதற்சொல் அவள் காதில்தான் விழும்.

ஆலோசனை என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒன்று கூற விரும்புகின்றோம். உலக வழக்கில் ஆலோசனை என்றால் ஒருவர் மற்றவருக்கு யோசனை கூறுதல். நம் ஆகம வழக்கிலோ அது பிராயச்சித்தத்தின் முதல் வகை. வந்தவர் தம் உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காது குருவின் முன் எடுத்துரைப்பதே ஆலோசனை. அங்கே பேசுபவர் வந்தவர், கேட்பவர் ஆசாரியர். இன்றைய மனநல ஆலோசகர்கள் பயிற்சியில் முதற்பாடமாகக் கற்பதும் கேட்டலையே என்று அறிகின்றோம். சொல்லின் பொருளை உலகம் தலைகீழாக்கிவிட்டது. தொழிலோ மெல்ல நம் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. ஆகமத்தில் எடுத்துரைக்கப்படுவது குற்றம். மனச்சோர்வோ குற்றமன்று, காய்ச்சலைப்போல் அது ஒரு நோய். கேட்கும் முறையில்தான் இரண்டும் ஒக்கும்.

அந்த முறையைப் பகவதி ஆராதனை விரிவாகக் கூறுகிறது. ஆலோசனை கேட்கும் ஆசாரியருக்கு வேண்டிய குணங்களுள் ஒன்று அபரிசிராவி என்பது. கசியாதவர் என்று பொருள். காய்ந்த இரும்பு பருகிய நீர் மீண்டும் வெளியே வராததுபோல், கேட்ட செய்தி அவரிடமிருந்து வெளியே வாராது. நம் பெண்மக்களும் ஆண்மக்களும் தேடுவது இத்தகைய ஒருவரைத்தான். ஆனால் அந்த ஆசாரியர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரல்லர் என்பதையும் உடன் எண்ண வேண்டும். நிர்யாபகர், அதாவது கரைசேர்ப்பவர், என்பதும் அவர் பெயரே. கசியாமை என்பது ஓட்டை இல்லாத படகின் குணம். படகு கரைக்குச் செல்லவும் வேண்டும்.

இருபது வயதுப் பெண் ஆசாரியர் ஆகிவிட முடியாது. அவளை அவ்வாறு எதிர்பார்ப்பதும் தகாது. அவளால் இயல்வது என்ன? இலண்டனில் 1953-இல் சாட் வாரா என்னும் கிறித்தவ பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர்க்காக ஒரு தொலைபேசித் தொண்டைத் தொடங்கினார். தாம் திருச்சபைப் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நல்லடக்கம் செய்த பதினான்கு வயதுச் சிறுமியை அவர் மறக்கவில்லை. பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று தவறாக எண்ணி உயிரை விட்ட குழந்தை அது. கேட்டுத் தெளிய அருகில் ஒருவரும் இல்லை. அவரைக் காண வந்தோர் வெளியறையில் காத்திருக்குங்கால், அங்கே தேநீர் கொடுத்து உடன் அமர்ந்திருந்த தொண்டர்களிடமே பலர் மனந்திறந்து பேசி ஆறுதல் பெறுவதைப் பாதிரியார் கண்டார். அதன்பின் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா'வும் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது. தேநீர் கொடுத்து உடனிருக்க ஆசாரியராக வேண்டுவதில்லை.

கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஒரு பெயர் வருவதை நம்மவருள் சிலர் அறிவர். அச்சம்கொண்டு வந்தோர்க்கு அடைக்கலம் தந்த இடங்கள் அவை. நால்வகைத் தானங்களுள் அபயதானத்தோடு மயிலை சீனி வேங்கடசாமி முதலிய அறிஞர்கள் அவற்றைத் தொடர்புபடுத்துவர். விடுதியின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் சில இரவுகளில் அத்தகைய இடமாகிவிடுகிறது. ஆனால் புகலிடம் கொடுத்தவனே மருத்துவனும் ஆக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஔடததானம் தனியே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆதலின் தோழமையின் எல்லையை நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தல் நலம். கேள், தீர்ப்புக் கூறாதே, "சாக வேண்டும் என்று எண்ணுகிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று நாம் அஞ்சுகின்றோம். ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆம் என்றால் தனியே விடாதே. உறுதி கேட்டால், "உன் உயிருக்கு ஊறு வரும் என்றால் உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன்; மற்றவை என்னோடு இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. சொல்லப் போகும் நாளில் அவளிடமே சொல்லிவிட்டு, கூடுமாயின் அவளையும் அழைத்துக்கொண்டு போ. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மன நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்க மருத்துவருக்கு விதிக்கிறது. உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுப்பதற்கு அதில் விலக்கு உண்டு. அதுவும் அதற்குத் தேவையான அளவு செய்திக்கு மட்டுமே. வாரிஷேணர் தாயிடம் பேசிய அளவு என்று நாம் புரிந்துகொள்ளலாம். உயிரை மாய்க்க முயன்றவர் மேல் வழக்கு வரும் என்ற பழைய அச்சமும் இனி வேண்டுவதில்லை. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்பது அச்சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. நள்ளிரவில் ஒருவரும் கிட்டாதபோது 14416 என்னும் எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

இனி, அந்தப் பெண் தோழியிடம் கூறிய மற்றொரு சொல்லைச் சொல்ல வேண்டும். "நம் முனிவர்கள் உடலை விட்டதுதானே; அது தருமம் என்றால் இது ஏன் குற்றம்?" என்று கேட்டாளாம். தோழியால் விடை கூற இயலவில்லை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கி, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசாரியரின் நிசீதிகைக் கல்வெட்டைத் தம் குழந்தைகளுக்குக் காட்டாத பெற்றோர் நம்முள் குறைவு. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாராவைத் தற்கொலைக்கு ஒப்பிட்டபோது நாடெங்கும் ஜைனர்கள் எதிர்த்து எழுந்தோம். அத்திங்கள் முடிவதற்குள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்திற்கு விளக்கினோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கினோமா?

சல்லேகனை நீக்கமுடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராநோய் ஆகியவை நேர்ந்தவிடத்து அறத்தைக் காக்கும்பொருட்டு ஏற்பது. பரிகாரம் உள்ள துன்பத்திற்கு அது விதிக்கப்படவில்லை. மனச்சோர்வுக்குப் பரிகாரம் உண்டு. அது குருவின் முன், சுற்றத்தாரிடம் பொறுத்தலை வேண்டி, ஒளிவின்றி ஏற்கப்படுவது. நள்ளிரவில் யாரிடமும் சொல்லாதே என்று உறுதி வாங்கிக்கொண்டு எண்ணுவதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சல்லேகனையின் ஐந்து அதிசாரங்களுள் மரணாசம்சை என்பதும் ஒன்று. சாவு விரைந்து வரவேண்டும் என்று விரும்புதலே அந்நோன்புக்கு மாசு. கஷாயத்தின் வேகத்தால் தன்னுயிரை மாய்த்தல் தற்கொலையே என்று அமிர்தசந்திரரும் புருஷார்த்தசித்தியுபாயத்தில் ஐயத்திற்கிடமின்றிப் பிரித்துக் காட்டுகிறார். இதை அச்சுறுத்தலாகச் சொல்லுதல் கூடாது. சோர்ந்திருப்பவளிடம் நரகத்தைப் பற்றிப் பேசுவது எரியும் புண்ணில் கோலிடுவதாகும். நலமாக இருக்கும் நாளில், குன்றின் மேல் நின்று கல்வெட்டைக் காட்டும்போதே, இதையும் ஒரு சொல் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோராகிய நம் பங்கைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அவள் ஏன் தாயிடம் சொல்லவில்லை? தேர்வு மட்டும் காரணமன்று என்று பின்னர்த் தெரிந்தது. விடுதியில் இரவு உணவு எட்டு மணிக்கு. முதற்சில வாரங்கள் மாலையில் வாங்கிவைத்த வாழைப்பழத்தோடு இருந்தாள். பிறகு பசி தாளாமல் இரவில் உண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு மாலையும் தாய் தொலைபேசியில், "பொழுதோடு சாப்பிட்டாயா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்" என்பாள். உண்டதைவிட அந்தப் பொய்யே அவளை அரித்தது. பொய்யில் தொடங்கிய தொலைபேசியில் அதைவிடப் பெரிய உண்மையை எப்படிச் சொல்வாள்? நம் நூல்கள் சல்லியம் என்று இதைத்தான் கூறுகின்றன: உள்ளே தைத்து, வெளியே தெரியாத முள். இரவுண்ணாமையைத் தளர்த்துங்கள் என்று நாம் கூற வரவில்லை. தளர்ந்தால் வந்து சொல்லும் வழி திறந்திருக்க வேண்டும் என்கின்றோம். பிரதிக்கிரமணத்தை வகுத்த சமயம் இது. தவறுவோர் உண்டு என்று அறிந்தே அதனை வகுத்தனர்.

"எல்லாம் வினைப்பயன், பஞ்ச நமஸ்காரம் சொல்" என்பதும் நம் இல்லங்களில் கேட்கும் சொல்லே. பஞ்ச நமஸ்காரம் சொல்லட்டும். அசாதா வேதனீயத்தின் உதயம் என்று கொள்வதிலும் தடையில்லை. ஆனால் அதே உதயத்தால் பல்வலி வந்தால் நாம் பல் மருத்துவரிடம்தானே செல்கின்றோம்? பிறரைத் துயருறுத்தலும் அழவைத்தலும் அசாதா வேதனீயத்தை நமக்கே பிணிக்கும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எச்சரிப்பதை அப்போது ஏனோ மறந்துவிடுகின்றோம்.

மீண்டும் அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். காப்பாளரிடம் சொன்னது அதிசாரம் அன்று, ஸ்திதிகரணம். சொல்ல வேண்டியவரிடம் சொன்னாள். பதினொரு நாள் தாமதித்ததைப் பற்றி வேண்டுமானால் அவள் வருந்தலாம். அதுவும் அவள் அறியாமையால் நேர்ந்தது.

ஆனால் நான்கு ஊர்களுக்கு எப்படித் தெரிந்தது? காப்பாளரோ ஆலோசகரோ ஊருக்கு வரவில்லை. இதை நாம் கேட்டபோது அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: அந்த வார இறுதியில் ஊருக்குச் சென்றபோது தாங்கமாட்டாமல் தன் தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள். தாய் தன் தமக்கையிடம் சொல்லியிருக்கிறார். மற்றவை தாமே நடந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்து ஜைனர், வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரையும் சேர்த்து, ஏறத்தாழ 89,000 பேர்தாம். அதில் தமிழ் ஜைனராகிய நாம் ஒரு பகுதி. எங்கு தொட்டாலும் உறவு. நம்மிடையே ஒரு சொல் வழிதவறினால், அது பெண் பார்க்கும் வீட்டுக்குள்தான் போய் நிற்கும்.

அந்த இரண்டாம் சொல்லை என்னென்பது? பொறாமை இல்லை, கோள் இல்லை. ஆயினும் பிரமாதம் இருந்தது. பிரமாதம் என்பது இன்று பாராட்டுச் சொல்லாகிவிட்டது. நம் நூல்களில் அது விழிப்பின்மை, இம்சைக்கே வேர். ஆதலின் அது அதிசாரமே என்று, நம் முந்தைய விடையை மாற்றி, அவளுக்கு எழுதினோம். அதற்குப் பிரதிக்கிரமணம் செய்துகொள்ளலாம் என்றும் எழுதினோம். கூடவே, அவள் தாயிடம் அழுததில் குற்றம் காணவில்லை என்றும் எழுத வேண்டியிருந்தது. பதினொரு இரவுகள் காவலிருந்தவளுக்கும் இறக்கிவைக்க ஓரிடம் வேண்டாமா? தொண்டு நிறுவனங்களில் துயரம் கேட்பவர்க்கும் தம் பாரத்தை மூத்தவரிடம் இறக்கிவைக்க வழி செய்கிறார்கள். அவளுக்கு அப்படியொருவர் இல்லை. இருந்தவர் தாய் ஒருவரே. பேர் சொல்லாமலே அவள் அழுதிருக்கலாம். அதைவிட, தாய் தமக்கையிடம் சொல்லாதிருந்திருக்கலாம். கசியாத பாத்திரமாக இருக்க வேண்டியவர்களுள் அங்கு வயதில் மூத்தவர் யார் என்று பார்த்தால், இந்த அதிசாரத்தின் பெரும்பகுதி நம் தலைமுறையின் கணக்கில்தான் எழுதப்படும்.

அந்தக் கடிதத்திற்கு அவள் விடை எழுதினாள். பிரதிக்கிரமணம் செய்ததாகவும், இதைத் தோழிக்குத் தெரிவிக்கத் தனக்குத் துணிவில்லை என்றும் எழுதியிருந்தாள். மற்றவள் இப்போது அதே கல்லூரியில் படிப்பைத் தொடர்கிறாள், மருந்தை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து வருகிறார், அறை வேறு. சென்ற தசலட்சண பருவத்தில் இருவரும் ஒரே ஜினாலயத்தில் நின்று வணங்கியும் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வியுற்றோம்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை இருவருக்கும் அனுப்பியதாக முன்னர்க் கூறினோம். தோழி ஒன்றையும் மாற்றவில்லை. மற்றவள் இரண்டு வரிகளை அடித்திருந்தாள். அவை இங்கு இல்லை. பதினொரு இரவுகள் என்றிருந்த இடத்தின் கீழே கோடிட்டிருந்தாள். தாயிடம் அழுததைக் கூறும் பத்தியின் ஓரத்தில், "இது எனக்கு முன்பே தெரியும். அவளிடம் சொல்லலாம்" என்று பென்சிலால் எழுதியிருந்தாள். சொல்லிவிட்டோம்.